இரண்டு கை தட்டினால்தான் ஓசையா?

2 மார்ச் 2025, காலை 10.15 (வாசகர் ஒருவர் கேட்டது)

எங்கள் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இரண்டு ஆண்டுகளாக என் அண்ணனைக் குத்திக் குத்திப் பேசிவந்தார். போன வாரம் அண்ணன் பொறுமை இழந்து ஒரு கெட்ட வார்த்தையை எழுதிவிட்டார். எல்லாரும் சேர்ந்து அண்ணனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். குத்திப் பேசியவர் இன்றும் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். கேட்டால் "இரண்டு கை தட்டினால்தான் ஓசை" என்கிறார்கள். சீண்டியவருக்குத்தானே முழுப் பொறுப்பும்?

2 மார்ச் 2025, இரவு 9.40

உங்கள் அண்ணன் நின்ற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே குரலில் "அவன்தான் முதலில் ஆரம்பித்தான்" என்று சொல்வதைக் கேட்டபடியே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அப்படிப்பட்ட நானே போன நவம்பரில் அந்த வாக்கியத்தைச் சொல்லும் நிலைக்கு வந்தேன்.

பள்ளியில் ஒன்றாகப் படித்த 63 பேர் கொண்ட குழு எங்களுடையது. எங்களில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியபோது பணம் திரட்டினோம். நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர் என்றால் கணக்குச் சுத்தமாக இருக்கும் என்று சொல்லி, வரவு செலவை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு நாள் இரவு பழைய நண்பர் ஒருவர் குழுவில் இப்படி எழுதினார்: "கோர்ட்டுக்காரர் கையில் போன பணம். கணக்குக் கேட்டால் வாய்தாதான் கிடைக்கும்." அதன் கீழே எட்டுப் பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். கைநீட்டாமல் வேலை பார்த்தேன் என்பது ஒன்றுதான் என் வாழ்க்கையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம். அதன் மேலேயே அவர் கை வைத்ததாக எனக்குப் பட்டது. படித்த சில நிமிடங்களில், பல ஆண்டுகளுக்கு முன் அந்த நண்பர் ஒரு செக் வழக்கில் (கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பிய வழக்கு) என் கண்முன்னே கூண்டில் நின்றதையும், அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்பதையும் குழுவில் எழுதிவிட்டேன். பத்து நிமிடத்தில் அவர் குழுவை விட்டு வெளியேறினார்.

அவர் சீண்டியிருக்காவிட்டால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். ஆகவே உங்கள் கேள்விக்கு என் முதல் பதில்: ஆம், பொறுப்பு சீண்டியவருடையது.

3 மார்ச் 2025, காலை 6.20

நேற்று எழுதியது இரவெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகள் கேஸ் கட்டுகளைப் புரட்டியவன், அந்தக் கட்டுகளில் இருந்ததை மறந்துவிட்டு எழுதியிருக்கிறேன்.

இந்தியத் தண்டனைச் சட்டம் இந்தக் கேள்வியை 1860இலேயே எடுத்துக்கொண்டது. ஒருவரை வேண்டுமென்றே அவமதித்து, அதனால் அவர் பொது அமைதியைக் குலைக்கக்கூடும் அல்லது வேறு குற்றம் செய்யக்கூடும் என்று எண்ணியோ அறிந்தோ சினமூட்டுவது 504ஆம் பிரிவின்படி குற்றம்; அதிகபட்ச தண்டனை 2 ஆண்டு. இதில் கவனிக்க வேண்டியது, அவமதிக்கப்பட்டவர் உண்மையிலேயே அமைதியைக் குலைத்தாரா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. அவர் வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போயிருந்தாலும் சீண்டியவரின் குற்றம் முழுமையாகிவிடுகிறது. கலவரம் மூளட்டும் என்று சினமூட்டுவதைப் பற்றிய 153ஆம் பிரிவும் இதே போக்குடையது: கலவரம் நடந்தால் ஓர் ஆண்டு வரை, நடக்காவிட்டாலும் ஆறு மாதம் வரை.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஒருவரைச் சாதாரணமாகக் காயப்படுத்தினால் 323ஆம் பிரிவில் ஓர் ஆண்டு வரை. அதே காயத்தைக் கடுமையான, திடீர்ச் சினமூட்டலால் ஏற்படுத்தியிருந்தால் 334ஆம் பிரிவில் ஒரு மாதம் வரை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம். ஓர் ஆண்டு ஒரு மாதமாகச் சுருங்குகிறது; இல்லாமல் போவதில்லை. அந்த ஒரு மாதத்தைச் சீண்டியவரின் கணக்கில் எழுதவும் சட்டம் சம்மதிப்பதில்லை.

ஆக, சட்டம் இரண்டு ஏடுகளை வைத்திருக்கிறது. சீண்டியவரின் ஏடு அவருடையது, பதிலடி கொடுத்தவரின் ஏடு இவருடையது. ஒன்றில் பற்று எழுதினால் மற்றொன்றில் வரவு ஆகாது. உங்கள் உறவினர்கள் அண்ணனின் ஏட்டை மட்டும் திறந்து பார்த்தார்கள், அது தவறு. நான் நேற்று இரவு நண்பரின் ஏட்டை மட்டும் திறந்து பார்த்தேன், அதுவும் தவறு.

3 மார்ச் 2025, பகல் 1.05

பழைய எண்களையே எழுதிவிட்டேன். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. 504 இப்போது 352. 153 இப்போது 192. 323 இப்போது 115(2). 334 இப்போது 122(1), அதில் அபராதம் 5,000 ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. அடிப்படைக் கருத்து மாறவில்லை.

5 மார்ச் 2025, இரவு 8.30

"எவ்வளவு நேரத்துக்குள் கோபப்பட்டால் அது சினமூட்டல், எவ்வளவு நேரம் கழித்தால் அது திட்டம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு இந்தியாவில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கு நானாவதி வழக்கு. கடற்படை அதிகாரியான கமாண்டர் நானாவதியிடம் 1959 ஏப்ரல் 27 அன்று அவர் மனைவி, தமக்குப் பிரேம் அகுஜா என்பவரோடு உறவு இருப்பதாகச் சொன்னார். நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் பம்பாயில் ஒரு திரையரங்கில் இறக்கிவிட்டார். தம் கப்பலுக்குப் போய், வேறு காரணம் சொல்லித் துப்பாக்கியையும் ஆறு தோட்டாக்களையும் வாங்கினார். முதலில் அகுஜாவின் அலுவலகத்துக்குப் போய், அங்கே அவர் இல்லாததால் வீட்டுக்குப் போய்ச் சுட்டார். நடுவர் குழு (ஜூரி; வழக்கைக் கேட்டு முடிவு சொல்ல அன்று அமர்த்தப்பட்ட பொதுமக்கள்) 8க்கு 1 என்ற கணக்கில் அவரைக் குற்றவாளி இல்லை என்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், அவர் செய்தது கொலைதான் என்று தீர்ப்புச் சொன்னது. 1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றமும் கொலைத் தீர்ப்பை உறுதி செய்தது.

உச்ச நீதிமன்றம் கடிகாரத்தைப் பார்த்தது. அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டது சுமார் 1.30 மணி, கொலை நடந்தது 4.20 மணி. ஏறத்தாழ மூன்று மணி நேரம், ஒரு மனிதர் தம்மைத் தாமே மீட்டுக்கொள்ளப் போதுமானது என்றது. குடும்பத்தைப் பத்திரமாக இறக்கிவிடவும், துப்பாக்கி வாங்கக் காரணம் சொல்லவும் முடிந்த மனம், கட்டுப்பாட்டை இழந்த மனம் ஆகாது என்பது அதன் உட்பொருள். சினம் மூண்ட வேகத்திலேயே அந்தச் செயல் நடந்திருக்க வேண்டும். சினம் ஆறிக் கணக்குப் போட இடம் கிடைத்த பிறகு நடந்திருக்கக் கூடாது.

அதே தீர்ப்பு வேறு இரண்டையும் சொன்னது, நியாயத்துக்காக அவற்றையும் எழுதுகிறேன். சொல்லும் சைகையும்கூடச் சில சூழ்நிலைகளில் கடுமையான சினமூட்டல் ஆகலாம்; அடிதான் வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டவர் முன்பு செய்தவற்றால் எதிரியின் மனத்தில் உருவாகியிருந்த பின்னணியையும் கணக்கில் எடுக்கலாம். (நீதிமன்றத் தமிழில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், பழக்கத்தில் வந்துவிட்டது.)

இதை எழுதும்போதே ஒரு சந்தேகம் வந்தது. "படித்த சில நிமிடங்களில்" என்று 2ஆம் தேதி எழுதியிருந்தேன். நாளை கைபேசியைப் பார்த்துச் சொல்கிறேன்.

6 மார்ச் 2025, காலை 7.00

பார்த்துவிட்டேன். நண்பரின் செய்தி இரவு 9.12. என் பதில் இரவு 11.43.

இரண்டு மணி முப்பத்தோரு நிமிடம்.

இடையில் நான் என்ன செய்தேன் என்பதும் மெல்ல மெல்ல நினைவுக்கு வருகிறது. சாப்பிட்டேன். மாத்திரை போட்டுக்கொண்டேன். மனைவி "என்ன முகம் ஒரு மாதிரி இருக்கிறது" என்று கேட்டதற்கு "ஒன்றும் இல்லை" என்றேன். படுத்து, எழுந்து, விளக்கைப் போட்டு, அவருடைய வழக்கு எந்த ஆண்டு என்று யோசித்துச் சரிபார்த்தேன். முதலில் எழுதிய வரியில் ஊர்ப் பெயர் தவறாக இருந்தது. அதை அழித்துத் திருத்தினேன். வழக்கின் ஆண்டையும் ஊரின் பெயரையும் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று தோன்றிய ஒருவர், கட்டுப்பாட்டை இழந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நான் கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி வந்திருக்கிறேன்.

2ஆம் தேதிக் குறிப்பை அழிக்காமல் அப்படியே விடுகிறேன். நவம்பரில் நடந்ததை மார்ச்சில் "சில நிமிடங்கள்" என்று என் மனம் உண்மையாகவே நம்பியது. அதையும் படிப்பவர்கள் பார்க்கட்டும். கூண்டில் நின்று பொய் சொல்கிறார்கள் என்று நான் அந்தக் காலத்தில் நினைத்தவர்களில் பலர், பொய் சொல்வதாகவே அறியாமல் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

8 மார்ச் 2025, இரவு 10.10

கேள்வி கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார்: "உங்களுடையது ஒரு வாக்கியம், ஒரு இரவு. என் அண்ணனுக்கு இரண்டு ஆண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?" வைக்கக் கூடாது. இதை முதலிலேயே பிரித்துச் சொல்லாதது என் பிழை.

'திடீர்' என்ற சொல்லால் அநியாயம் நடந்திருக்கிறது. உடனே கை ஓங்கும் வலிமை இருப்பவருக்குத்தான் திடீர்க் கோபம் வசதி. ஆண்டுக்கணக்கில் அடியும் ஏச்சும் வாங்கிக்கொண்டு, எதிர்த்து நிற்க முடியாமல் அடங்கிக் கிடந்த ஒருவர் ஒரு நாள் உடைந்துபோனால், கடைசி நாளில் பெரிதாக எதுவும் நடக்கவில்லையே என்று நீதிமன்றம் கேட்கும். இந்தக் குறையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1989இல் நேராகப் பார்த்தது. துன்பம் தாளாமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்த தாய் ஒருவர் மேல் கொலை வழக்கு. ஒரு சாவைக் கொலை என்பதிலிருந்து குறைந்த குற்றமாக எண்ணச் சட்டப் புத்தகத்தில் உள்ள விதிவிலக்குகளோடு (திடீர்ச் சினமூட்டல் அவற்றில் முதலாவது), தொடர்ந்த சினமூட்டல் என்பதையும் ஒரு விதிவிலக்காக அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. அந்த மனநிலைக்கு நல்லதங்காளின் பெயரையே வைத்தது. நல்லதங்காள் கதையை எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை. பசித்து வந்த பிள்ளைகளுக்கு முன்னால் கதவைச் சாத்திய மூளி அலங்காரியை, அந்தக் கதையைக் கேட்ட யாரும் இன்றுவரை விடுவித்ததில்லை. கிணற்றில் அவள் யாரையும் தள்ளவில்லை என்று அவளுக்காக வாதாடியதும் இல்லை. கதை கேட்கும் சனங்களின் நீதி சட்டத்துக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

ஆகவே உங்கள் அண்ணனின் இரண்டு ஆண்டை நான் சிறிதாக்கவில்லை. அவர் எழுதிய கெட்ட வார்த்தையை அந்த இரண்டு ஆண்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். உங்கள் உறவினர்கள் கடைசிச் செய்தியை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் எனக்கு அக்கறையான இன்னொன்றும் இருக்கிறது. 'சினமூட்டினார்' என்ற சொல்லைச் சொல்லக்கூடாத இடத்திலும் சொல்கிறார்கள். ஒரு பெண் தன் கருத்தையோ படத்தையோ போடுகிறார். முன்பின் தெரியாத பத்துப் பேர் வந்து ஆபாசமாக எழுதுகிறார்கள். அவர் வீட்டிலேயே "நீ ஏன் போட்டாய், நீ ஏன் பதில் சொன்னாய்" என்று கேட்கிறார்கள். அது சினமூட்டலே அல்ல. சட்டப்படி நடந்த செயலையும், தற்காப்பு உரிமையைப் பயன்படுத்தியதையும் சினமூட்டல் என்று காட்டித் தண்டனையைக் குறைத்துக்கொள்ள முடியாது என்று கொலைப் பிரிவின் முதல் விதிவிலக்கிலேயே நிபந்தனை இருக்கிறது. ஒருவர் தம் உரிமையில் நின்று பேசியதைக் கேட்டு இன்னொருவருக்கு வந்த கோபம், அந்த இன்னொருவரின் சொந்தச் சொத்து.

9 மார்ச் 2025, காலை 6.45

அந்த நிபந்தனைகளில் ஒன்றை விட்டுவிட்டேன். அது எனக்கு உரியது என்பதால்தான் விட்டுப்போயிற்றோ என்று ஐயப்படுகிறேன். சினமூட்டலை எதிரியே தேடிப்போயிருக்கக் கூடாது, தாக்குவதற்குச் சாக்காகத் தாமே வரவழைத்துக்கொண்டிருக்கவும் கூடாது என்கிறது முதல் நிபந்தனை. அன்று இரவு 9.12க்கும் 11.43க்கும் இடையில் நான் அந்தக் குழுவை எத்தனை முறை திறந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் அந்தச் செய்தியை மறுபடியும் படித்தேன். எத்தனை பேர் சிரித்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். யார் யார் என்று பார்த்தேன். நண்பர் என்னை ஒரு முறைதான் சீண்டினார். மற்ற முறைகளில் அதே வரியால் என்னைச் சீண்டிக்கொண்டது நான்தான்.

நேரில் சொல்லப்பட்ட சொல் காற்றோடு போகும். காதில் மிஞ்சுவது அதன் நினைவு. எழுத்தில் வந்தது அப்படியே நிற்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் அதே சூட்டில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதே கருவி, பதில் எழுதாமல் இருக்கவும் மூடி வைக்கவும் நேரம் தருகிறது. தெருச் சண்டையில் அந்த வசதி யாருக்கும் இல்லை. நான் அந்த நேரத்தைக் கூர் தீட்டுவதற்கு எடுத்துக்கொண்டேன்.

12 மார்ச் 2025, மாலை 5.20

வேடிக்கை பார்த்தவர்களுக்குப் பொறுப்பு உண்டா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சட்டம் என்றால் மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, பிறர் எழுதியதை எடுத்து அனுப்பியவர். 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை, நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான ஒருவர் தம் முகநூலில் பகிர்ந்தார். தாம் எழுதவில்லை, படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்பது அவர் தரப்பு. பகிர்வது என்பது அதை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று சொல்லி, அந்த ஆண்டு மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் மறுத்தது. 2023 ஜூலையில் வழக்கை ரத்து செய்யக் கேட்டபோது, அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போன்றது, கையில் இருக்கும்வரைதான் கட்டுப்பாடு, அனுப்பிய பிறகு விளைவுகளை ஏற்கத்தான் வேண்டும் என்ற பொருளில் உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று நாம் சொல்வோம். இங்கே, கீழே கிடந்த அம்பை எடுத்துத் திரும்ப எய்தவரும் எய்தவர்தான்.

இரண்டு, குழுவை நடத்துபவர். கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட செய்திக்காகக் குழு நிர்வாகி மேலும் வழக்குப் பதிந்தார்கள். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் நிர்வாகியாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்று தெரிந்தால் இறுதி அறிக்கையில் (குற்றப்பத்திரிகையில்) அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்; ஒருவரின் நாக்குக்கு இன்னொருவரை ஜாமீன்தாரர் ஆக்கக் கூடாது.

மூன்றாவது, சிரித்தவர்கள். அவர்களுக்குப் பிரிவு கிடையாது. தூண்டினார்கள் என்று மெய்ப்பிக்க அந்தச் சிரிப்பு போதாது. ஆனாலும் எனக்கு வலித்தது நண்பரின் வரியைவிட அந்த எட்டு முகங்கள்தான் என்பதை மறைக்க மாட்டேன். 11.43க்கு நான் எழுதியதற்கும் ஐந்து பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அதில் மூன்று பேர் முதல் எட்டிலும் இருந்தவர்கள். அவர்களில் ஒருவரிடம் போன வாரம் கேட்டேன். "இரண்டுமே சரியாகத்தானே சொன்னீர்கள் என்று போட்டேன்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதில் ஒரு பொறுப்பு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

15 மார்ச் 2025, இரவு 9.00

"யார் முதலில் ஆரம்பித்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே" என்று எழுதியவருக்கு.

கிராமத்துக் காய வழக்குகளில் பெரும்பாலும் கேஸும் எதிர்கேஸும் சேர்ந்தே வரும். இரண்டு முதல் தகவல் அறிக்கைகள், இரண்டு காயச் சான்றுகள், இரு தரப்பிலும், பழைய எண்களில் சொன்னால், 294(பி), 323, 506(1): ஆபாசத் திட்டு, காயம், மிரட்டல். வேலித் தகராறு, வாய்க்கால் தண்ணீர், மாடு மேய்ந்தது, இப்படி ஏதாவது ஒன்று. ஒரே அதிகாரி இரண்டையும் சேர்த்து விசாரித்து உண்மையில் வலிந்து தாக்கியவர் யார் என்று பார்க்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாடு காவல் நிலை ஆணைகளில் 588-அ என்று ஒரு ஆணையே இருக்கிறது. அன்றைய தினத்துக்கு அதைக் கண்டுபிடித்துவிடலாம். சாட்சியை இன்னும் கொஞ்சம் பின்னால் அழைத்துப் போனால், போன ஆண்டு பொங்கலுக்கு இவர் சொன்ன ஒரு சொல் வெளியே வரும். அதற்கும் முன்னால் அவர் வெட்டிய ஒரு வேப்பமரம் வரும். தொடக்கம் என்று ஒவ்வொருவரும் காட்டுவது, தமக்கு முதலில் வலித்த இடத்தை.

என் கதையிலும் ஒரு வேப்பமரம் இருக்கிறது. இரண்டு வாரமாக அதை எழுதாமல் இருந்தேன். நவம்பருக்கு மூன்று வாரம் முன்பு, இறந்துபோன எங்கள் தமிழாசிரியர் பற்றி அந்த நண்பர் குழுவில் நீளமாக ஓர் அஞ்சலி எழுதினார். அதில் ஒற்றுப் பிழைகளும் றகர ரகரக் குழப்பமும் இருந்தன. "ஐயா இருந்திருந்தால் இதற்கு எத்தனை மதிப்பெண் போட்டிருப்பார்" என்று எழுதி, பிழைகளை எண்ணிட்டுக் காட்டினேன். அவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடைக்குப் போனவர் என்பது எனக்குத் தெரியும். அன்றும் சிரிக்கும் முகங்கள் வந்தன. அவர் பதில் எழுதவில்லை. அதை நான் அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

இதைச் சொல்வதால் அவருடைய 'வாய்தா' நியாயமாகிவிடாது. அவர் ஏடு அவருடையதுதான். ஆனால் நவம்பரில் என் ஏடு வெறுமையாக இருந்தது என்று நான் இத்தனை நாள் சொல்லிவந்தது உண்மையன்று.

16 மார்ச் 2025, காலை 11.30

திறந்த நீதிமன்றத்தில் நடந்த வழக்குத்தானே, அதைச் சொன்னதில் என்ன ரகசியம் உடைந்தது என்று ஒருவர் எனக்கு ஆதரவாக எழுதியிருக்கிறார். நானும் நவம்பரில் எனக்கு இதையே சொல்லிக்கொண்டேன். கதவு திறந்திருந்தது உண்மை. யார் வேண்டுமானாலும் வந்து பார்த்திருக்கலாம். ஆனால் யாரும் வரவில்லை. அவர் அன்று கூண்டிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார், நானும் அசைத்தேன். வெளியே சொல்ல மாட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டது அந்தத் தலையசைப்பிலிருந்துதான். பிறகு பணத்தைக் கட்டி, வழக்கும் சமாதானத்தில் முடிந்தது. அதை நான் குழுவில் எழுதவே இல்லை. ஊர்ப் பெயரைத் திருத்த நேரம் இருந்த எனக்கு, இந்த ஒரு வரியைச் சேர்க்க மனம் இருக்கவில்லை.

19 மார்ச் 2025, இரவு 8.15

மன்னிப்புக் கேட்டீர்களா என்று கேட்கிறார்கள். இரண்டு முறை.

முதல் முறை டிசம்பரில், கைபேசியில் எழுதி அனுப்பினேன். "நீங்கள் அப்படிச் சொன்னதால் மனம் நொந்து எழுதிவிட்டேன், வருந்துகிறேன்." இன்று அதைப் படித்தால், முதல் பாதி அவருக்கான குற்றப்பத்திரிகை, இரண்டாம் பாதி எனக்கான விடுதலை. அவர் பதில் அனுப்பாததில் வியப்பில்லை.

இரண்டாம் முறை நேற்று, அவர் வீட்டில். இந்தக் குறிப்புகளை எழுதாதிருந்தால் போயிருக்க மாட்டேன். அவர் மனைவி கதவைத் திறந்து, "வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முன்பெல்லாம் "வாங்கண்ணா" என்பார். நான் 'நீங்கள் சொன்னதால்' என்ற தொடரை வாயில் வரவிடக் கூடாது என்ற முடிவோடு போயிருந்தேன். செக் வழக்கை எழுதியது தவறு, சமாதானம் ஆனதை மறைத்தது அதைவிடத் தவறு, அஞ்சலியில் பிழை எண்ணியது எல்லாவற்றுக்கும் முன்னால் செய்த தவறு என்று வரிசையாகச் சொன்னேன். அவர் மூன்றாவதைக் கேட்டபோதுதான் முகத்தை நிமிர்த்தினார். "அதை நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

மகளுக்கு அந்த நேரத்தில் வரன் பேசிக்கொண்டிருந்ததாகவும், குழுவில் இருந்த ஒருவர் வழியாகச் செக் வழக்கு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாகவும் அப்போதுதான் தெரிந்தது. பேச்சு நின்றது அதனால்தானா என்று அவருக்கும் தெரியாது. நான் அதைக் கேட்டுக்கொண்டேன். சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. அவர் தம்முடைய 'வாய்தா' பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்து நான் போகவும் இல்லை என்று எழுத விரும்புகிறேன். ஆனால் வாசலில் செருப்பை மாட்டும்வரை ஒரு ஓரத்தில் எதிர்பார்த்தேன் என்பதே உண்மை.

கேள்வி கேட்டவருக்கு: அண்ணன் அந்தக் கெட்ட வார்த்தைக்காக மட்டும், 'ஆனால்' போடாமல், வருத்தம் தெரிவித்து ஒரு செய்தி அனுப்பட்டும். தனியாக இன்னொரு செய்தியில், இரண்டு ஆண்டுகளாகத் தமக்கு நடந்ததைத் தேதியோடு எடுத்து எழுதி, உறவினர்கள் முன்னால் வைக்கட்டும். இரண்டையும் ஒரே செய்தியில் கலந்தால், முதலாவதை யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டாவதை யாரும் படிக்க மாட்டார்கள். குத்திப் பேசியவர் தம் பங்கை ஒப்புக்கொள்ளும்வரை அண்ணன் குழுவுக்குத் திரும்ப வேண்டிய கட்டாயமும் இல்லை.

27 மார்ச் 2025, மாலை 6.50

ஒன்று பாக்கி இருக்கிறது. நண்பரின் வரியில் அவமதிப்பை நீக்கிவிட்டுப் பார்த்தால், "கணக்கு எப்போது வரும்?" என்ற கேள்வி மிஞ்சும். அதற்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. செப்டம்பரில் தரவேண்டிய கணக்கு அது. அவமதித்துவிட்டாரே என்ற கோபத்தில், அந்தக் கேள்வி நியாயமானது என்பதை நானும் மறந்தேன், குழுவும் மறந்தது.

போன வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எழுதி முடித்தேன். 41 பேர் கொடுத்தது, மொத்த வரவு 1,87,500 ரூபாய், செலவு, ரசீதுகளோடு, வங்கியில் மீதி. குழுவில் போட்டேன். நண்பர் குழுவில் இல்லாததால் அவருக்குத் தபாலில் ஒரு நகல் அனுப்பினேன்.

நேற்று அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நலம் விசாரிக்கவில்லை. "கடைத்தெருவில் வசூல் பண்ணி நான் உங்க கையில கொடுத்தது மூவாயிரம். இதுல ரெண்டாயிரத்து ஐந்நூறுன்னு இருக்கு. அன்னைக்கே இந்தக் கணக்கைத்தான் கேட்க வந்தேன், கேட்கத் தெரியாம கேட்டுட்டேன்" என்றார்.

வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 3,000 என்றுதான் வரவாகியிருக்கிறது. தாளில் ஏற்றும்போது நான் தவறாக எழுதியிருக்கிறேன். மொத்தம் 1,88,000. திருத்திய தாளைக் குழுவிலும் போட்டு, அவருக்கும் இன்று மறுபடி தபாலில் சேர்த்திருக்கிறேன்.